நிமிடத்துக்கு நூறு சுற்று: பெருங்கப்பல்களின் டீசல் எஞ்சின்

சரக்குக் கப்பல்களில் நான்கு மாடி உயரத்துக்கு நிற்கும் டீசல் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது, லாரியில் இருக்கும் டீசல் எஞ்சினைப் பெரிதாக்கினால் அதுதானா, கப்பலில் வேலை பார்க்காதவர்கள்கூட அதன் ஓசையைப் பதிவு செய்து வைத்துக் கேட்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். இந்த எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பருமனில் தொடங்குவார்கள். பல ஆண்டுகளை எஞ்சின் அறையில் கழித்தவன் என்ற முறையில் நான் அதன் வேகத்தில், சரியாகச் சொன்னால் அதன் நிதானத்தில், தொடங்குகிறேன். பருமன் உட்பட மற்ற எல்லாமே அந்த நிதானத்திலிருந்து பிறந்தவை.

கப்பலை நகர்த்துவது பின்புறத்தில் நீருக்குள் சுழலும் புரொப்பெல்லர். அது நீரைப் பின்னால் தள்ளுகிறது. அந்த எதிர்விசையில் கப்பல் முன்னே போகிறது. ஒரே அளவு உந்துவிசையைக் கொஞ்சம் நீரை மிக வேகமாகத் தள்ளியும் பெறலாம், நிறைய நீரை மெதுவாகத் தள்ளியும் பெறலாம். ஆனால் தள்ளப்படும் நீர் தன்னோடு எடுத்துச் செல்லும் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த ஆற்றல் கப்பலுக்கு உதவாமல் கடலில் கலந்து வீணாகிறது. ஆகவே எரிபொருளை மிச்சப்படுத்த விரும்புகிறவர் புரொப்பெல்லரைப் பெரிதாக்கி மெதுவாகச் சுழற்ற வேண்டும். டென்மார்க்கின் ஓடென்சே கப்பல் கட்டும் தளத்தில் 2006இல் உருவான எம்மா மெர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பலின் புரொப்பெல்லர் 9.6 மீட்டர் விட்டமும் சுமார் 130 டன் எடையும் கொண்டது; முழு வேகத்திலும் அது நிமிடத்துக்கு நூறு சுற்றை ஒட்டியே சுழலும். லாரி எஞ்சினோ இரண்டாயிரம் சுற்றுக்கு அருகில் ஓடக்கூடியது. இந்த இடைவெளியைப் பல்சக்கரப் பெட்டி வைத்துக் குறைக்கலாம்; அல்லது எஞ்சினையே நூறு சுற்றில் ஓடும்படி வடிவமைத்து, அதன் தண்டைப் புரொப்பெல்லரின் தண்டோடு நேராக இணைத்துவிடலாம். பெரிய எண்ணெய்க் கப்பல்களும், தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் சரக்குக் கப்பல்களும், கன்டெய்னர் கப்பல்களும் பெரும்பாலும் இரண்டாம் வழியையே பின்பற்றுகின்றன. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லரும் ஒரு சுற்று.

(உல்லாசக் கப்பலில் ஏறி இந்த ராட்சத எஞ்சினைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்றை ஒட்டி ஓடும் நடுத்தர வேக எஞ்சின்கள். அவை மின்சாரம் எடுத்துக் கொடுக்க, மோட்டார்கள் புரொப்பெல்லரைச் சுழற்றுகின்றன. 1986-87இல் குவீன் எலிசபெத் 2 கப்பலின் நீராவிச் சுழலிகளை எடுத்துவிட்டு வைத்த ஒன்பது டீசல் எஞ்சின்களும் அந்த வகைதான்.)

ஓர் எஞ்சினின் ஆற்றல், ஒவ்வொரு வெடிப்பிலும் கிடைக்கும் வேலையையும் நிமிடத்துக்கு எத்தனை வெடிப்பு என்பதையும் பெருக்கினால் வருவது. வெடிப்பின் எண்ணிக்கையை இவ்வளவு குறைத்துக்கொண்டால், ஒவ்வொரு வெடிப்பும் பெரிதாக இருந்தே தீர வேண்டும். அதனால்தான் சிலிண்டர் அத்தனை பெரிது. அதனால்தான் இது நான்கு வீச்சு எஞ்சினாக இல்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரியும் இருவீச்சு எஞ்சினாக, அதாவது டூ-ஸ்ட்ரோக்காக, இருக்கிறது. எம்மா மெர்ஸ்க்கில் உள்ள வார்ட்சிலா-சுல்சர் ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 சென்டிமீட்டர்; அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் மேலிருந்து கீழாகப் போகும் தூரம், அதாவது வீச்சு, 2.5 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 1,800 லிட்டர். நம் ஊர்ச் சிறிய காரின் எஞ்சின் நான்கு சிலிண்டரும் சேர்ந்து 1.2 லிட்டர் என்றால், இங்கே ஒரே சிலிண்டரில் அப்படி ஆயிரத்து ஐந்நூறு எஞ்சின்கள் அடங்கும். அப்படிப்பட்ட சிலிண்டர்கள் 14. மொத்த நீளம் சுமார் 27 மீட்டர், உயரம் 13.5 மீட்டர், எடை 2,300 டன். 102 சுற்றில் 80,080 கிலோவாட், குதிரைத்திறனில் ஒரு லட்சத்துக்கும் மேல். முழுத் திறனில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு சுற்றுக்குக் குடிக்கும் எரிபொருள் 160 கிராம் அளவு, ஏறக்குறைய ஒரு டம்ளர். எரிதலின் உச்சத்தில் பிஸ்டனின் தலையில் 140 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று கொண்டால், அந்தப் பரப்பின்மேல் இறங்கும் விசை ஆயிரம் டன்னைத் தாண்டுகிறது. பிஸ்டனின் எடை ஐந்தரை டன்தான்.

எண்கள் இத்தோடு போதும். இனி அமைப்புக்கு வருவோம், ஏனென்றால் லாரி எஞ்சினோடு இதற்குள்ள உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

லாரி எஞ்சினில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைக் கிராங்க்ஷாஃப்ட் என்ற முதன்மைத் தண்டின் சுழற்சியாக மாற்றும் கனெக்டிங் ராட் நேரடியாகப் பிஸ்டனில் மாட்டப்பட்டிருக்கும். கிராங்க் சுழலும்போது அந்த ராட் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சாய்வதால், பிஸ்டன் சிலிண்டர் சுவரின்மேல் பக்கவாட்டில் அழுத்தப்படுகிறது. சிறிய எஞ்சினில் பிஸ்டனின் பாவாடைப் பகுதி அதைத் தாங்கிக்கொள்ளும். ஆயிரம் டன் விசையும் இரண்டரை மீட்டர் வீச்சும் உள்ள இடத்தில் அது நடவாது. எனவே பழைய நீராவி எஞ்சின் காட்டிய வழிக்கே இங்கே போயிருக்கிறார்கள். பிஸ்டனின் அடியில் ஒரு நேரான தடித்த பிஸ்டன் ராட். அது சாய்வதே இல்லை, மேலும் கீழுமாக மட்டும் போய்வரும். அதன் கீழ்முனை கிராஸ்ஹெட் என்ற குறுக்குத் துண்டில் முடிகிறது. கிராஸ்ஹெட் இருபுறமும் செங்குத்தான வழிகாட்டிகளுக்கிடையே சறுக்கியபடி ஏறி இறங்கும். கனெக்டிங் ராட் அங்கிருந்துதான் தொடங்குகிறது. சாய்வதால் வரும் பக்கவாட்டு அழுத்தம் முழுவதையும் கிராஸ்ஹெட்டின் சறுக்குக் கட்டைகள் வாங்கிக்கொள்கின்றன. சிலிண்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இந்த ஏற்பாட்டால் கிடைத்த இன்னொரு நன்மையை நான் முதல் நன்மையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். பிஸ்டன் ராட் நேராகப் போய்வருவதால் அதைச் சுற்றி ஒரு தடுப்புத் தளம் போட்டு, ராட் நுழையும் துளையில் ஸ்டஃபிங் பாக்ஸ் என்ற அடைப்பை வைக்க முடிகிறது. எஞ்சின் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது: மேலே எரிதல் நடக்கும் அழுக்கு மண்டலம், கீழே கிராங்க்ஷாஃப்டும் அதைத் தாங்கிச் சுழலவிடும் தாங்கிகளும் (பேரிங்) இருக்கும் சுத்தமான கிராங்க்கேஸ். லாரியில் எரிதலின் கரியும் அமிலமும் எண்ணெயில் கலந்துகொண்டே இருப்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே கீழ் எண்ணெயைச் சுத்திகரித்துச் சுத்திகரித்து ஆண்டுக் கணக்கில் பயன்படுத்துவோம். மேலே சிலிண்டர் சுவருக்கென்று தனி எண்ணெய், சிறு சிறு துளைகள் வழியாகச் சொட்டளவில் செலுத்தப்பட்டு, ஒரே தடவையில் எரிந்து தீர்ந்துபோகும். இரண்டும் வெவ்வேறு குணமுள்ள எண்ணெய்கள். மேலே போவது காரத்தன்மை மிக்கது. அதற்குக் காரணம், இந்த எஞ்சினுக்குப் போடும் சாப்பாடு.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று நல்லதையெல்லாம் வடித்தெடுத்தபின் சுத்திகரிப்பு ஆலையின் அடியில் தங்கும் எச்சம்தான் பல பதிற்றாண்டுகளாக இதன் எரிபொருள். சாதாரண வெப்பநிலையில் அது ஏறக்குறைய தார். தொட்டியில் 40, 50 டிகிரிக்குச் சூடாக்கினால்தான் பம்பு அதை இழுக்கும். பிறகு 98 டிகிரியில் ப்யூரிஃபையர் என்ற சுழல் பிரிப்பான் வழியாக அனுப்பி, நீரையும் சேற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். எரிபொருளைச் சிலிண்டருக்குள் தூவும் இஞ்செக்டருக்குள் போகும் முன் 130 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால்தான் அது மெல்லிய தூவலாகப் பீறிடும் அளவுக்கு இளகும். கந்தகம் எரிந்து கந்தக அமிலமாகி, சிலிண்டரின் உட்சுவரான லைனரை அரிக்கும். அதை முறிக்கத்தான் சிலிண்டர் எண்ணெயில் காரம். ஆலையின் வினையூக்கியிலிருந்து வந்து எரிபொருளில் தங்கிய அலுமினியம், சிலிக்கான் துகள்கள் பிரிப்பானைத் தாண்டிவிட்டால் பிஸ்டன் வளையங்களையும் லைனரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். இளநிலை எஞ்சினியரின் நாளில் பாதி ப்யூரிஃபையர் அறையிலேயே போகும். அந்தச் சூடான எண்ணெயின் வாடை கடலை விட்டு வந்து பல வாரங்கள் ஆன பிறகும் துணியிலிருந்து போனதில்லை. 2020 ஜனவரி 1 முதல் கந்தகத்தின் வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால் எரிபொருளின் முகம் இப்போது மாறியிருக்கிறது; புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி நீக்கும் கருவியைப் புகைபோக்கியில் பொருத்திய கப்பல்கள் மட்டும் பழைய எரிபொருளையே தொடர்கின்றன.

இத்தனை மட்டமான எரிபொருளை இது எப்படி எரிக்கிறது என்றால், அதற்கும் நிதானம்தான் விடை. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது நொடியின் நூறில் மூன்று பங்கு. நூறு சுற்றில் கிடைப்பது 0.6 நொடி, அதாவது இருபது மடங்கு அவகாசம். தூவலாக வந்த ஒவ்வொரு துளியும் ஆவியாகி, காற்றோடு சேர்ந்து, முழுதாக எரிந்து முடிக்க நேரம் இருக்கிறது. எரிந்த வாயு விரிந்து, தன் வெப்பத்தை வேலையாக மாற்றிக் கொடுப்பதற்கும் அந்த நீண்ட வீச்சு இடம் தருகிறது.

இனி மூச்சு விடும் முறை. லைனரின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் சாய்வான துளைகள் இருக்கின்றன. பிஸ்டன் அடிமட்டத்துக்கு இறங்கும்போது அவை திறந்துகொள்ள, அழுத்தப்பட்ட காற்று சுழன்றபடி உள்ளே நுழைகிறது. அதற்குச் சற்று முன்பே சிலிண்டரின் தலையில் நடுவே உள்ள ஒரே ஒரு பெரிய எக்ஸாஸ்ட் வால்வு திறந்து புகையை விட்டிருக்கும். கீழிருந்து வரும் புதுக் காற்று மிச்சப் புகையை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகிறது. ஒரே திசையில் ஓட்டம். அந்த வால்வைத் திறப்பது எண்ணெய் அழுத்தம், மூடுவது எஃகுச் சுருளுக்குப் பதிலாகக் காற்று. வால்வின் தண்டில் சிறு இறக்கைகள் இருக்கும். வெளியேறும் புகையே அவற்றைத் தள்ளி வால்வை மெல்லச் சுழற்றிக்கொண்டிருப்பதால், ஒரே இடம் திரும்பத் திரும்பச் சூடேறிக் கருகுவதில்லை. தனி மோட்டார் இல்லாமல், வெளியே போகிற புகையை வைத்தே வேலையை முடித்த அந்த வடிவமைப்பாளரை நான் மனத்துக்குள் பலமுறை வணங்கியிருக்கிறேன். வெளியேறிய புகை அடுத்து டர்போசார்ஜரைச் சுழற்றுகிறது, அது காற்றை அழுத்திக் கொடுக்கிறது, பிறகு புகைபோக்கிக்குப் போகும் வழியில் ஒரு கொதிகலனைச் சூடாக்கி நீராவி தருகிறது. அந்த நீராவிதான் முன்சொன்ன தாரை இளக்குகிறது. சிலிண்டரைக் குளிர்வித்து 80 டிகிரிக்கு மேல் சூடேறி வரும் நீரைக் கொண்டு, காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்தில் கடல்நீரைக் காய்ச்சி நன்னீர் எடுக்கிறோம். கப்பலில் நாங்கள் குளித்த தண்ணீர் எஞ்சின் கொடுத்ததுதான்.

இப்படி ஒவ்வொரு மூலையிலும் சேமித்ததன் விளைவாக, எரிபொருளின் வெப்பத்தில் பாதிக்குமேல் தண்டின் சுழற்சியாகக் கிடைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் சோதித்துக் காட்டிய எஞ்சினின் திறன் 26.2 விழுக்காடு, அன்றைய நீராவி எஞ்சின்களுக்கு முன் அதுவே பெரும் வியப்பு. 1912 பிப்ரவரியில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்ட செலாண்டியா, பெருங்கடல் கடந்த முதல் பெரிய டீசல் கப்பல்களில் பேர்பெற்றது. பர்மைஸ்டர் அண்ட் வெய்ன் நிறுவனம் கட்டிய அதற்குப் புகைபோக்கியே கிடையாது. புகை பாய்மரத்தின் வழியாகப் போயிற்று. லண்டனில் அது நின்றபோது, அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் ஏறிப் பார்த்தார். கண்டுபிடித்தவருக்கு அந்த வெற்றியை நெடுநாள் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஹாரிச் நோக்கிப் போன டிரெஸ்டன் கப்பலிலிருந்து டீசல் காணாமல் போனார்.

என்னைக் கேட்டால், இந்த எஞ்சினின் அழகு முழுவதும் வெளிப்படுவது அதைக் கிளப்பும்போதும் திருப்பும்போதும்தான். புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே சூடான நீரைச் சுற்றவிட்டு உடலைச் சூடாக்கியிருப்போம். டர்னிங் கியர் என்ற சிறிய மின்மோட்டாரைக் கோத்து, மொத்தக் கூட்டத்தையும் மிக மெதுவாகச் சுழற்றி, எங்கும் தடையில்லை என்று பார்ப்போம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் உள்ள இண்டிகேட்டர் காக் என்ற சிறு குழாயைத் திறந்து வைத்து, எரிபொருள் இல்லாமல் காற்றை மட்டும் செலுத்தி ஒரு சுற்று விடுவோம். உள்ளே நீர் கசிந்து தேங்கியிருந்தால் அது அங்கே பீறிட்டு வெளியே வரும். தெரியாமல் கிளப்பியிருந்தால் நீரை நசுக்க முடியாமல் உலோகம் உடையும். பாட்டரியும் ஸ்டார்ட்டரும் இந்தப் பருமனை அசைக்க முடியாது. 30 பார் அழுத்தத்தில் பெரிய கலங்களில் அடைத்து வைத்த காற்றைச் சரியான வரிசையில் சிலிண்டர்களுக்குள் விட, பிஸ்டன்கள் இறங்கத் தொடங்கும். முதலில் நீண்ட சீறல். அடுத்து ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல ஓர் அசைவு. பத்துப் பதினைந்து சுற்று வேகம் வந்ததும் காற்றை நிறுத்தி எரிபொருளைக் கொடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிண்டர்கள் பற்றிக்கொள்ளும் அந்த முதல் இடிகள் கால் வைத்த தட்டின் வழியாகத்தான் முதலில் தெரியும், காது பிறகுதான் கேட்கும். டர்போசார்ஜர் இன்னும் வேகம் பிடிக்காததால் அதற்குப் பதில் காற்றை ஊதிக் கொடுக்கும் துணை ஊதிகள் அலறிக்கொண்டிருக்கும்.

கியர் இல்லாத கப்பல் பின்னோக்கிப் போவது எப்படி என்ற கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் கிளப்புவோம், அவ்வளவுதான். இருவீச்சு எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுழன்றாலும் ஒன்றுதான். எரிபொருளும் காற்றும் செலுத்தப்படும் தருணத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கலத்தில் உள்ள காற்று செலவாகும். அதனால்தான் இப்படித் திருப்பி ஓட்டும் எஞ்சினுக்கு, கலத்தை மீண்டும் நிரப்பாமல் முன்னும் பின்னுமாக மாறி மாறிப் பன்னிரண்டு முறை கிளப்பும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும் என்று கப்பல்களைச் சோதித்துத் தரச் சான்று கொடுக்கும் வகைப்படுத்தும் சங்கங்களின் விதி சொல்கிறது. குறுகிய துறைமுகம் ஒன்றில், அனுபவம் குறைந்த ஒரு வழிகாட்டி மாலுமியின் கட்டளைகளுக்கு ஈடு கொடுத்து முன், நிறுத்து, பின், நிறுத்து என்று ஓட்டியபோது, காற்று மானியின் முள் கட்டளைக்குக் கட்டளை இறங்கியதையும், கம்ப்ரசர்கள் இரண்டும் ஓடியும் அது ஏறாமல் நின்றதையும் பார்த்துக்கொண்டிருந்த இரவு எனக்கு இன்றும் மறக்கவில்லை. பேய் வேகத்தில் போகும் கப்பலில் இந்தத் திருப்பம் உடனே நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எரிபொருளை வெட்டினாலும் நகரும் கப்பலின் புரொப்பெல்லரை நீர் சுழற்றிக்கொண்டே இருக்கும், அதோடு எஞ்சினும் சுழலும்.

துறைமுகத்தில் எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது கிராங்க்கேஸின் கதவைத் திறந்து உள்ளே இறங்குவோம். மனிதர் நடமாடக்கூடிய எஞ்சின் என்று கதைகளில் சொல்வது மிகையல்ல. தலைக்குமேல் கனெக்டிங் ராட், காலடியில் எண்ணெய் வழுக்கும் தளம், கையில் டார்ச். தாங்கிகளின் ஓரத்தில், அவற்றின் உட்பூச்சான வெள்ளை உலோகத்தின் துணுக்கு ஏதும் விழுந்திருக்கிறதா, நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்து வருவோம். ஆனால் எஞ்சின் நின்ற உடனே அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பதை முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். ஏதேனும் ஒரு தாங்கி அளவுமீறிச் சூடாகியிருந்தால் எண்ணெய் ஆவியாகி நுண்துளிப் பனியாக நிறைந்திருக்கும்; கதவைத் திறந்து காற்றைக் கொடுத்தால் வெடிக்கும். 1947 செப்டம்பரில், வட அயர்லாந்துக் கரைக்கு அப்பால் சோதனை ஓட்டத்தில் இருந்த ரெய்னா டெல் பசிபிகோ கப்பலின் கிராங்க்கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். இன்றைய எஞ்சின்களின் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும் வட்டமான நிவாரண வால்வுகளும், எண்ணெய்ப் பனியை முகர்ந்து எச்சரிக்கும் கருவியும் அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு வந்தவை.

இப்போது மோகத்துக்கு வருகிறேன். விமான எஞ்சின் இதைவிட நுட்பமானது. ஆனால் அது வேலை செய்வதைக் கண்ணால் பின்தொடர முடியாது, ஓர் ஊளைதான் கேட்கும். ஆறு சிலிண்டர் உள்ள கப்பல் எஞ்சின் மிக மெதுவாக, முப்பது சுற்றில் ஓடும்போது நொடிக்கு மூன்று வெடிப்புகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம். எந்தச் சிலிண்டர் இப்போது எரிகிறது, அடுத்து எது என்று விரலை நீட்டிச் சொல்லலாம். ஒன்று சரியாக எரியவில்லை என்றால் பழகிய காது, மானியைப் பார்க்காமலே கண்டுகொள்ளும். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த செயல்கள், மனிதனின் கவனத்துக்கு எட்டும் வேகத்தில் கண்ணெதிரே நடக்கின்றன. பதிவு செய்து கேட்கிறவர்கள் முழு வேக ஓசையைவிடக் கிளப்பும் ஓசையையும் மெதுவேக ஓசையையுமே அதிகம் தேடுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த ரசிகர்களுக்குள் கட்சிகளும் உண்டு. இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் டாக்ஸ்ஃபோர்டு நிறுவனம் செய்த எஞ்சினுக்கு உயிரையே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து, நடுவில் எரிதல் நடக்கும். சிலிண்டருக்குத் தலையும் கிடையாது, எக்ஸாஸ்ட் வால்வும் கிடையாது. மேல் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் குறுக்குக் கட்டையும் பக்கத் தண்டுகளும் வெளியிலேயே ஏறி இறங்குவதால், எஞ்சின் முழுக்க உடற்பயிற்சி செய்வது போலத் தோன்றும். 1921இல் யிங்கரென் கப்பலில் தொடங்கிய அந்த வரிசை 1980இல் முடிந்தது. பிஸ்டனுக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் எரியும் இரட்டைச் செயல் எஞ்சின் இன்னொரு கட்சி. அதில் பிஸ்டன் ராடே நெருப்புக்குள் போய்வர வேண்டும். அந்த அடைப்பைப் பராமரித்தவர்கள் அதை நேசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 1952இல் டார்த்தே மெர்ஸ்க் கப்பலில் இருவீச்சு எஞ்சினுக்கு டர்போசார்ஜர் வந்த பிறகு அந்தச் சிரமத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. சுவிட்சர்லாந்தின் சுல்சர் நிறுவனம் பல பதிற்றாண்டுகள் எக்ஸாஸ்ட் வால்வே இல்லாமல், காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வளைந்து இறங்கும் முறையில் எளிமையான எஞ்சின்களைச் செய்தது. வீச்சு நீண்டுகொண்டே போனபோது காற்றால் அவ்வளவு தூரம் ஏறி இறங்க முடியவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆர்டிஏ வரிசையோடு அவர்களும் வால்வுக்கு மாறினார்கள். நான் பழகியது சுல்சரில் என்பதால் அந்தப் பழைய எளிமையின்மேல் எனக்கு ஒருதலைப்பட்சமான பாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எரிபொருள் பம்புகளையும் வால்வுகளையும் இயக்கிவந்த கேம்ஷாஃப்ட் என்ற தண்டு போய்விட்டது என்று வருந்துவது இன்றைய ரசிகர்களின் பொதுக் குறை. 2000ஐ ஒட்டி, எரிபொருள் செலுத்துவதையும் வால்வு திறப்பதையும் கணினி கட்டுப்படுத்தும் எண்ணெய் அழுத்தத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த நீண்ட தண்டுக்குப் பதில் மூடிய குழாய்கள். பார்வைக்கு நட்டம்தான், ஆனால் எந்த வேகத்திலும் எரிதலின் தருணத்தைத் திருத்திக்கொள்ள முடிவதால் மிக மெதுவாகவும் புகையில்லாமல் ஓடுகிறது என்பதை எஞ்சினியராக நான் குறை சொல்ல மாட்டேன். 2008க்குப் பிறகு கப்பல்கள் வேகத்தைக் குறைத்து ஓடத் தொடங்கியபோது அது கை கொடுத்தது. தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் திறன் பாதிக்கு வந்துவிடும். அந்தக் கணக்கு எஞ்சின்களை இன்னும் நிதானமாக்கியிருக்கிறது. எம்மா மெர்ஸ்க்கின் எஞ்சினுக்குப் பிறகு வந்த மேன் நிறுவனத்தின் ஜி80 வகையில் சிலிண்டர் விட்டம் 80 சென்டிமீட்டர்தான், வீச்சோ 3.72 மீட்டர், சுழற்சி எழுபதை ஒட்டி இறங்கிவிட்டது. இயற்கை எரிவாயுவிலும், 2023இல் வந்த லாரா மெர்ஸ்க்கைப் போல மெத்தனாலிலும் ஓடும் வகைகள் வந்திருக்கின்றன. கிராஸ்ஹெட்டும் நீண்ட வீச்சும் அங்கேயும் அப்படியே இருக்கின்றன.

நேரில் பார்க்க விரும்பினால், ஓடும் கப்பலின் எஞ்சின் அறைக்குள் வெளியாரை விடமாட்டார்கள். நிலத்தில் தேட வேண்டும். இத்தகைய மெதுவேக எஞ்சின்கள் கப்பலில் மட்டும் இருப்பவை அல்ல. சென்னை பேசின் பிரிட்ஜில் 1990களின் இறுதியில் எழுந்த 200 மெகாவாட் டீசல் மின்நிலையத்தில் மின்சாரம் எடுத்தவை இதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின்கள்தான். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் போய்வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. யோகோஹாமாவில் நிற்கும் 1930ஆம் ஆண்டின் ஹிகாவா மாரு கப்பலில் இறங்கி அதன் பழைய எஞ்சின்களுக்கிடையே நடக்கலாம். கோபன்ஹேகனின் டீசல்ஹவுஸ் அருங்காட்சியகத்தில், 1930களின் தொடக்கத்தில் மின்நிலையத்துக்காகச் செய்யப்பட்ட 22,500 குதிரைத்திறன் எஞ்சின் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் உலகிலேயே பெரிய டீசல் எஞ்சினாக இருந்த அதைப் பார்வையாளர்களுக்காக இன்றும் கிளப்பிக் காட்டுகிறார்கள். எனக்கு ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஹாம்பர்க்கின் காப் சான் டியகோ கப்பலைச் சொல்வேன். ஒன்பது சிலிண்டர், 11,650 குதிரைத்திறன் மேன் எஞ்சினோடு 1960களின் தொடக்கத்தில் கடலில் இறங்கிய அந்தச் சரக்குக் கப்பல், இப்போதும் சில நாட்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு தன் சொந்த எஞ்சினிலேயே எல்பே ஆற்றில் போய்வருகிறது. கரையை விட்டு விலகும் நேரத்தில் காலடித் தட்டில் கவனத்தை வைத்திருங்கள். காற்றின் சீறல் அடங்கி, முதல் சிலிண்டர் பற்றிக்கொள்வது அங்கேதான் தெரியும்.